வீட்டுக்குள்ள ஒரு குளம்

இவங்க குனிஞ்சாங்களே, அது எப்படி? ஈரக் கைக்குட்டையை நெத்தியில வச்சு அழுத்திக்கிட்டு அதையேதான் கேட்டுக்கிட்டிருக்கேன். இந்த அறைக்குள்ள வர்ற வாசல் என் புருவ உயரந்தான். வெளியில வெயில் கண்ணைக் கூச வைக்குது, உள்ள வந்தா ஒண்ணும் தெரியாத இருட்டு. வந்தவங்க அத்தனை பேரும் ஆளுக்கொரு இடி வாங்கினோம். மேலப்பாளையத்து மும்தாஜ் யா அல்லான்னு அலறினா, எங்களைக் கூட்டிக்கிட்டு வந்த ஹஜ்ரத்து தொப்பியோட இடிச்சாங்க, நான் நங்குன்னு இடிச்சு அப்படியே நிலையைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். என்னைக் கட்டின மாப்பிள்ளை ஷேக்னா இடிக்கல. எனக்கு ரெண்டடி முன்னால, யாரோ ஒருத்தர்ட்ட நம்ம ஊரு மழையைப் பத்திப் பேசிக்கிட்டே போனாங்க. பேச்சு நிக்கல, அண்ணாந்து பார்க்கல, கையால தடவல. தலை மட்டும் தானா இறங்கிச்சு, காலு தானாத் தூக்கிப் படியைத் தாண்டிச்சு, உள்ள போயும் மழையைத்தான் பேசிக்கிட்டிருந்தாங்க. நம்ம வீட்டு மாடிப்படி வளைவுல நான் குனிவேன், கண்ணை மூடிக்கிட்டு வந்தாலும் குனிவேன், ஏன்னா அது நான் பொறந்த வீடு. இது துருக்கி. சஃப்ரன்போலுன்னு பேரைச் சொல்லவே எனக்கு நாலு நாளாச்சு. மலைச்சரிவுல ஒண்ணுக்கு மேல ஒண்ணா உக்காந்திருக்கிற இந்த வீடுகள்ல இது எந்த வீடுன்னு எனக்குத் தெரியாது. இவங்களுக்கு மட்டும் வாசல் எப்படித் தெரியும்? ச்சீ, ஒரு நிலைப்படியை வச்சுப் புருசனைச் சந்தேகப்படுறவ உண்டா ஹாஜரா, உனக்கு இடிச்ச இடியில மூளை கலங்கிப் போச்சு. நல்லாத்தான் சொல்லிக்கிறேன். ஆனா குனிஞ்சாங்களே.

தலை சுத்துதுன்னு சொல்லிட்டு நான் இங்கேயே உக்காந்துட்டேன், கூட்டம் மாடிக்குப் போயிருச்சு. இவங்களும் போயிட்டாங்க. நிக்கவா போகவான்னு ஒரு நிமிசம் பார்த்தாங்க, "நீ இரு, நான் பார்த்துட்டு வந்துடுறேன்"னு போயிட்டாங்க. என்னத்தைப் பார்க்கப் போறாங்க புதுசா? அறை நடுவுல குளம். குளம்னா குளந்தான், மீன் விடலாம், அவ்வளவு பெரிசு. வீட்டுக்குள்ள, கூரைக்கடியில, சுத்திவர மெத்தை போட்ட நீளப் பலகை, நடுவுல தண்ணி சளசளன்னு ஒரு குழாயிலேருந்து விழுந்துக்கிட்டே இருக்கு. எதுக்குன்னு கைடு அம்மா சொன்னதை ஹஜ்ரத்து தமிழ்ல சொன்னாங்க. வெயிலுக்குக் குளுமை, அது ஒண்ணு. இன்னொண்ணு, ஆம்புளைங்க இங்க உக்காந்து தொழில் பேசுவாங்களாம், தண்ணிச் சத்தத்துல வேலைக்காரங்க காதுல ஒண்ணும் விழாதாம். எல்லாரும் சிரிச்சாங்க. மும்தாஜ், "எங்க வீட்டுக்கும் ஒண்ணு வேணும், என் மாமியா காது அடுத்த தெரு வரைக்கும் போவும்"னா. நானும் சிரிச்சேன். அப்ப எனக்கு நெத்தி வலிதான், வேற ஒண்ணும் வலிக்கல. இல்ல, பொய். வலிச்சிச்சு. காலையிலேருந்தே வலிச்சிச்சு, நான்தான் வாயை மூடுன்னு அதுக்குச் சொல்லிக்கிட்டு வந்தேன்.

காலையில அந்தக் கடை. பஸ்ஸை விட்டு இறங்கும்போதே இவங்க, "எனக்கு முட்டி வலிக்குது, நான் பஸ்லயே இருக்கேன், நீ போயிட்டு வா"ன்னாங்க. நான் விட்டேனா? உம்ராவுல ஏழு சுத்து சுத்தின முட்டிக்கு இங்க என்ன கேடு, இறங்குங்க மச்சான்னு கையைப் பிடிச்சு இழுத்தேன். நான்தான் இழுத்தேன். கல்லு பாவின தெரு, ஒவ்வொரு கல்லும் ஒவ்வொரு உயரம், இறக்கத்துல இவங்க கையைப் பிடிச்சுக்கிட்டே நடந்தேன், கல்யாணம் ஆனதிலேருந்து தெருவுல அப்படிக் கை பிடிச்சு நடந்ததே கிடையாது, காயல்பட்டினத்துல நடக்க முடியுமா, பொம்புளைங்க நாங்க எங்களுக்குன்னு இருக்கிற முடுக்குச் சந்துக்குள்ளயே போயி முடுக்குக்குள்ளயே வர்றவங்க. எனக்கு வெக்கம் வெக்கமா வந்துச்சு இந்த வயசுல. பூ வாசம் வர்ற இனிப்பு விக்கிற கடை, அல்வா மாதிரி வழவழன்னு, மேல மாவு தூவி, லோக்கும்னு சொன்னாங்க. கல்லாவுல ஒரு தடிச்ச அம்மா, தலையில பூப்போட்ட துணி. இவங்களைப் பார்த்ததும் அந்த அம்மா முகம் பூரா சிரிப்பு. வெளியில வந்து, என்னமோ படபடன்னு சொல்லி, கையை இடுப்பு உயரத்துக்கு வச்சுக் காமிச்சு, இவங்க பின்னால எட்டிப் பார்த்தா. சின்னப் புள்ளையைத் தேடுற பார்வை. அது எந்த ஊருப் பொம்புளைக்கும் தெரியும், அதுக்குப் பாஷை வேண்டாம். பொறகு என்னைப் பார்த்தா. என் கை இவங்க கையில இருந்ததையும் பார்த்தா. அவ முகத்துல சிரிப்பு அப்படியே நின்னு போச்சு. சட்டுனு திரும்பி ஒரு துண்டு இனிப்பை எடுத்து என் கையில வச்சா, காசு வேண்டாம்னு தலையாட்டினா. எதுக்கு எனக்குச் சும்மா தந்தா? பாவம்னு தந்தா. அப்ப எனக்கு அது விளங்கல, வாயில போட்டுக்கிட்டு நல்லா இருக்குன்னேன். இவங்க, "ஆள் மாறிப் போச்சு இந்தம்மாவுக்கு, நம்மாளுங்க எல்லாரும் அவங்களுக்கு ஒரே மாதிரிதான்"னாங்க. நானும், "என்ன மச்சான், இங்கயும் ஒரு குடும்பமா?"ன்னு கேலி பண்ணினேன். மும்தாஜ் விழுந்து விழுந்து சிரிச்சா. இவங்க சிரிக்கல. முட்டியைத் தடவினாங்க.

நெத்தி விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. தண்ணி விழுந்துக்கிட்டே இருக்கு. மேல பலகையில நடக்கிற சத்தம், மரவீடு, ஒவ்வொரு அடிக்கும் முனகுது. மேல சுழல் அலமாரி பார்த்துக்கிட்டிருப்பாங்க. எனக்கு முன்னமே காமிச்சுட்டாங்க ஒண்ணு, கீழ் அறையில. சுவத்துக்குள்ள உருளையா ஒரு அலமாரி, ஆம்புளைப் பக்கமும் திறக்கும் பொம்புளைப் பக்கமும் திறக்கும். பொம்புளைங்க சாப்பாட்டை உள்ள வச்சுச் சுத்தி விட்டா அந்தப் பக்கம் போயிரும், ஆம்புளைங்க எடுத்துக்கிட்டு வெறுந் தட்டை வச்சுத் தட்டினா இந்தப் பக்கம் வந்துரும். வச்ச கை எதுன்னு எடுக்கிறவனுக்குத் தெரியாது. எல்லாரும் ஆன்னு வாயைப் பொளந்தாங்க, எனக்கு அதுல அதிசயம் ஒண்ணும் இல்ல. எங்க வீட்டுலயும் ஆம்புளை வாசல் வேற, எங்க வாசல் வேற. கல்யாணக் களரிச் சாப்பாடு எத்தனை சஹன் தட்டு ஆக்கி முன்பக்கம் அனுப்பியிருப்பேன், எந்த வாயி சாப்பிட்டுச்சுன்னு பார்த்திருப்பேனா? இருந்தாலும் ஒண்ணு உண்டு. இந்த ஊருல வீடு ஆம்புளைது, பொண்டாட்டி வந்து சேர்றவ. எங்க ஊருல வீடு பொண்ணுது. மாப்பிள்ளைதான் வருவாரு. இவங்க ஒரு பெட்டியோட வந்தாங்க, எங்க உம்மா எனக்குத் தந்த வீட்டுக்கு. பொறகு கொழும்பு, பாங்காக்னு ரத்தினக் கல்லு யாவாரம், வருசத்துல பாதி நாளு வெளியூரு, வந்தா விருந்தாளி மாதிரி கவனிச்சோம். கொல்லையில எந்தக் கதவு இறுக்கம்னு இவங்களுக்கு இன்னிக்கும் தெரியாது. மாடிப்படி வளைவுல இன்னிக்கும் இடிச்சுக்குவாங்க! அல்லாவே, ஆமா. வருசா வருசம் இடிச்சுக்கிட்டு, "இந்த வீடு என்னை அடிக்குது ஹாஜரா"ன்னு சொல்லுவாங்க. என் வீட்டுல குனியத் தெரியாத ஆளு இங்க குனிஞ்சாங்க. எத்தனை தடவை வந்திருக்கணும்? ஒரு தடவை போதுமா? ஒரு தடவை நல்லா இடிச்சிருந்தா போதும். பக்கத்துல ஒருத்தி நின்னு சிரிச்சிருந்தா அந்த இடி மறக்காது. இடுப்பு உயரத்துக்கு ஒரு புள்ளை கைகொட்டிச் சிரிச்சிருந்தா சாகுற வரைக்கும் மறக்காது.

காது குத்து. போன வருசமா, அதுக்கு முந்தின வருசமா, கொழும்புலேருந்து போன் பண்ணினப்ப, "ஹாஜரா, பொம்புளப் புள்ளைக்குக் காது குத்த எது நல்ல வயசு"ன்னு கேட்டாங்க. கூட்டாளி மவளுக்குன்னாங்க. நான் பேக்கு மாதிரி எவ்வளவு சொன்னேன்! சின்னதுலயே குத்திரணும், பெரிசானா பயந்துக்கும், வெறும் தங்கத்துல சின்ன வளையமாப் போடச் சொல்லுங்க, தேங்கெண்ணெயில மஞ்சளை இழைச்சுப் போடணும், தூங்கும்போது தலைகாணி உறையில மாட்டாமப் பார்க்கணும். எனக்கு ரெண்டும் பையன், யாருக்கும் காது குத்தின அனுபவம் இல்ல, இருந்தும் கூடப்பொறந்த ராத்தா புள்ளைங்களுக்குப் பார்த்ததை எல்லாம் சொன்னேன், சொல்லச் சொல்ல ஆசையா இருந்துச்சு. இவங்க ம்ம் ம்ம்னு கேட்டாங்க. பக்கத்துல அந்தப் புள்ளை நின்னுச்சா? அவ உம்மா நின்னாளா? என் கைப்பக்குவத்தை எடுத்து அங்க வச்சாங்களா, இந்த அலமாரியைச் சுத்தி விடுற மாதிரி? இல்ல இல்ல, நானே கதை கட்டுறேன். கூட்டாளிக்கு மவ இருக்கக் கூடாதா? இருக்கலாம். இன்னொரு நிக்காஹ் முடிக்கிறது ஹராமும் இல்ல, எனக்குத் தெரியும், ஓதின குடும்பம் நாங்க. கேட்டிருந்தா நான் அழுதிருப்பேன், சண்டை போட்டிருப்பேன், பட்டினி கிடந்திருப்பேன், கடைசியில என்ன பண்ணியிருப்பேனோ. கேட்கலையே. அது இல்ல என் பயம் இப்ப. என் பயம், இந்தப் பயணம். எங்கயும் கூட்டிக்கிட்டுப் போகாத மனுசன், சின்னவன் கல்யாணம் முடிஞ்சு அவனும் பொண்டாட்டி வீட்டுக்குப் போன பொறகு, வீட்டுல நான் ஒத்தையா உக்காந்திருக்கும்போது, "உம்ராவுக்குப் போவோம், அப்படியே துருக்கியும் பார்த்துட்டு வருவோம், உனக்கும் ஒரு சந்தோசம்"னாங்க. மக்காவுல, ஹரம் ஷரீஃப்ல, கஃபாவைப் பார்த்துக்கிட்டு நான் இவங்க ஆயுசுக்கு துஆ கேட்டேன். இவங்களும் கையேந்தி நின்னாங்க, ரொம்ப நேரம், கண்ணுல தண்ணி. எதைக் கேட்டாங்க அங்க? எனக்குக் குளிருது. தண்ணிப் பக்கத்துல உக்காந்தது தப்பு.

படி முனகுது. ஒத்தை ஆளு. இவங்கதான், செருப்பு மேல மாட்டிவிட்ட பிளாஸ்டிக் உறை சரக்கு சரக்குன்னு வருது. மறுபடியும் அந்த வாசல். நான் பார்த்துக்கிட்டே இருந்தேன், கண்ணை எடுக்கல. குனிஞ்சாங்க. குனிஞ்சு நிமிந்தப்ப நான் பார்க்கிறதைப் பார்த்துட்டாங்க. வந்து பக்கத்துல உக்காந்தாங்க. "நெத்தி எப்படி இருக்கு"ன்னாங்க. நான் தண்ணியைப் பார்த்தேன். "இங்க பேசலாம், யாருக்கும் கேட்காது"ன்னாங்க. யாவாரிதானே. இடம் பார்த்துப் பேசுறாங்க. "இஸ்தான்புல்ல வச்சுச் சொல்லலாம்னு இருந்தேன் ஹாஜரா. அந்தக் கடைக்காரி கெடுத்துட்டா." சொன்னாங்க. கொழும்புல, கல்லு வாங்குற இடத்துல, ஒருத்தர் மவ, புருசன் தலாக் சொல்லிட்டானாம், பாவம்னு நிக்காஹ் முடிச்சாங்களாம். பாவம்! ஒரு பொம்புளப் புள்ளை. அதுங்களை இங்க ஒரு தடவை கூட்டிக்கிட்டு வந்திருக்காங்க, என்கிட்ட பாங்காக்னு சொன்ன நாள்ல. புள்ளை இந்தக் குளத்துல கையை விட்டு விளையாடிச்சாம், அதைச் சொல்லும்போது இவங்க வாயோரம் தானா இளகுது, மறைக்கத் தெரியல. நான் அழல. எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு. உள்ள எரியுது, மேல ஒண்ணும் இல்ல. சரி, சொல்லியாச்சு, இனி மன்னிச்சுக்கன்னு கேட்பாங்க, நான் மாட்டேன்னு சொல்லணும், அதுக்குத்தான் வார்த்தையைத் தேடிக்கிட்டிருந்தேன். மன்னிப்பு வரல. "அந்தப் புள்ளைக்கு நம்ம ஊருல ஒரு வீடு வேணும்"னாங்க. எனக்கு விளங்கல. "வீடு இல்லாத பொண்ணை யாரு கட்டுவா நம்ம ஊருல, உனக்குத் தெரியாதா? உனக்கும் பொம்புளப் புள்ளை இல்ல. பையனுங்க ரெண்டும் போயாச்சு. நம்ம வீடு உனக்குப் பொறகு சும்மாதானே கிடக்கப் போவுது. அதை அவ பேருல எழுதினா உனக்கும் ஒரு மவ ஆச்சு, வந்து உன்கூட இருப்பா, உனக்கும் ஒத்தாசை." நம்ம வீடுன்னாங்க. எங்க உம்மா கண்ணை மூடி மவுத்தான கட்டில் கிடக்கிற வீடு, நான் பொறந்த வீடு, இவங்களுக்கு எந்தக் கதவு இறுக்கம்னு தெரியாத வீடு. சும்மா கிடக்கும்னாங்க. அப்ப உம்ரா இதுக்கு. தெருவுல கை பிடிச்சு நடந்தது இதுக்கு. கஃபா முன்னால கேட்டதும் இதுதான், என் ஆயுசை இல்ல, என் வீட்டை. வெளியில ஏதோ ஒரு குழந்தை சிரிக்குது, கைடு அம்மா கைதட்டிக் கூப்பிடுறா, எனக்கு எல்லாம் தூரமா இருந்துச்சு.

"தரமாட்டேன்"னேன். இவங்களுக்குக் கேட்கல போல, தண்ணிச் சத்தம். "தரமாட்டேன் மச்சான். என் பேரப்புள்ளையில ஒரு பொண்ணு வருவா, இல்லைன்னா ராத்தா பேத்திக்குப் போவும், யாரும் வரலைன்னா இடிஞ்சு விழட்டும். உங்க மவளுக்கு வீடு கட்டுறது உங்க வேலை." இவங்க பதறல. பேரம் படியலைன்னா எப்படி உக்காந்திருப்பாங்களோ அப்படி உக்காந்திருந்தாங்க. "கோவத்துல சொல்ற. புள்ளையைப் பார்த்தா மனசு மாறிரும். உன்னை நினைச்சுத்தான் பேரு வச்சேன்"னாங்க. என்ன பேருன்னு நான் கேட்டிருக்கக் கூடாது. கேட்டுட்டேன். "முத்து மர்யம்"னாங்க, எனக்கு ஏதோ தங்கக்காப்பு தர்ற மாதிரி முகத்தை வச்சுக்கிட்டு. முத்து மர்யம். அந்தப் பேரு உலகத்துல எனக்கும் இவங்களுக்கும் மட்டுந்தான் தெரியும். கல்யாணம் ஆன புதுசுல, விளக்கை அணைச்ச பொறகு, பொண்ணு பொறந்தா இந்தப் பேருன்னு இவங்க காதுல நான் சொன்னது. பெரியவன் வயித்துல இருக்கும்போதும் சொன்னேன், சின்னவனுக்கும் சொன்னேன், மூணாவது மூணு மாசத்துலயே கலைஞ்சு போச்சே, அதுக்கும் அந்தப் பேரைத்தான் சொல்லி அழுதேன், இவங்க என் முதுகைத் தடவிக்கிட்டு உக்காந்திருந்தாங்க. பொறகு டாக்டரம்மா இனி இல்லைன்னுட்டாங்க. அப்புறமும் நான் விடல. உம்மாகிட்டயும் ராத்தாகிட்டயும் சொன்னது கிடையாது, பைத்தியம்னுருவாங்க. ஆளில்லாத அடுப்படியில, மர்யம் அந்தக் கதவைச் சாத்து, மர்யம் மழை வருது துணியை எடுன்னு வாய்க்குள்ள சொல்லிக்குவேன். துணியை நான்தான் எடுப்பேன். இருந்தும் சொல்லிட்டு எடுத்தா ஒரு துணை. அதையும் எடுத்துக்கிட்டுப் போயி அங்க ஒருத்தி வயித்துல பொறந்ததுக்கு வச்சு, வீட்டைக் கேட்க வந்திருக்காங்க. "அந்தப் பேரை ஏன் எடுத்தீங்க"ன்னேன். என் குரல் எனக்கே புதுசா இருந்துச்சு. இவங்க நிஜமாவே விளங்காமப் பார்த்தாங்க. "நல்ல பேரு. நீ வைக்கலையே, சும்மாதானே கிடந்துச்சு"ன்னாங்க.

எழுந்து நின்னேன். கைக்குட்டையைச் சுருட்டிப் பிடிச்சுக்கிட்டேன். "வீடு கிடையாது. அந்தப் பேரையும் மாத்துங்க"ன்னேன். "என்ன ஹாஜரா இது, புள்ளைக்கு எட்டு வயசாச்சு. எட்டு வருசமாக் கூப்பிடுற பேரை எப்படி மாத்த முடியும்"னாங்க.

"நான் முப்பது வருசமாக் கூப்பிடுறேன்"னேன்.